மூன்றாம் மாடிக்கு 42 படிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீங்கள் கைப்பட எழுதின கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன். வேலை அதிகம், அதனால் பதில் எழுதவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் நாளைக் கடத்தினேன். "சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று போனிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஆண்டவரோடு எப்படி இருக்கிறாய், அதை மட்டும் எழுது" என்று கேட்டிருந்தீர்கள். போனில் பேசும்போது உங்களைச் சுற்றி எல்லாரும் நிற்பார்கள். இது எழுதினால்தான் வரும்.

முதலில் குளிரைப் பற்றி. தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. கதவைத் திறக்கச் சாவியைக் கையில் எடுத்தால் விரல் அது சாவியா குச்சியா என்று உணர்வதில்லை. மூக்குக்குள் ஈரம் உறைந்து முள்மாதிரி குத்தும். பனி விழுந்த முதல் நாள் அழகாக இருந்தது, மூன்றாம் நாள் அது சேறு. மரங்களில் ஒரு இலைகூடக் கிடையாது. நான் வந்த புதிதில் எல்லாமே பட்டுப்போய்விட்டன என்றுதான் நினைத்தேன். நீங்கள் பயப்பட வேண்டாம், சபையில் ஒரு அக்கா தன்னுடைய கனத்த கோட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டார், நான் வாங்க வேண்டியிருக்கவில்லை. வேலை நேரத்தையும் இந்த மாதம் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அதனால் நன்றாக ஓய்வு கிடைக்கிறது. பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே போய் வருகிறேன். நடந்தால் உடம்பு சூடாகிவிடும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

வந்த முதல் மூன்று மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை, அம்மா. இதை உங்களிடம் சொல்லவே இல்லை. பெரிய கோயில் ஒன்றுக்கு ஞாயிறு தவறாமல் போனேன். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்களாக இருந்தார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். அறைக்கு வந்து முழங்காலில் நின்றால் வார்த்தையே வராது. நம் வீட்டில் ஜெபம் என்பது அப்பாவின் குரல், தங்கச்சி தூங்கி விழுவது, நீங்கள் ஒரு கண்ணைத் திறந்து எங்களை எண்ணிப் பார்ப்பது. அது எதுவும் இல்லாத இடத்தில் ஆண்டவர் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் நம் வீட்டிலேயே தங்கிவிட்டார், என்னைத் தனியாக அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன்.

இந்த நாட்களில்தான் எதிர்வீட்டுப் பாட்டி. படியில் தனக்குத்தானே பேசிக்கொண்டு ஏறுவார் என்று போனில் சொன்னேனே, அவரேதான். எண்பதைத் தாண்டியவர். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, நாங்கள் மூன்றாம் மாடி. ஒரு படி ஏறுவார், நிற்பார், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுப்பார், அடுத்த படி. மேலே வந்து சேர இருபது நிமிடம் ஆகும். மனநிலை சரியில்லாதவர் என்று நான் ஒதுங்கியே போனேன். பை கனமாக இருக்கிறதே, வாங்கிக்கொள்வோம் என்றுகூடத் தோன்றவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் என்னால் பொறுக்க முடியாமல் பையை வாங்கிக்கொண்டு கூடவே ஏறினேன். அப்போதுதான் காதில் விழுந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு பேர். பேரைச் சொல்லுவார், மூச்சு வாங்கும்வரை அந்த ஆளுக்காக ஜெபிப்பார், பிறகு காலை எடுத்து வைப்பார். மொத்தம் 42 படிகள், 42 பேர். முழங்கால் வலி ஆரம்பித்த வருடத்திலிருந்து இப்படித்தானாம். "எப்படியும் நின்றுதானே ஆக வேண்டும், நிற்கிற நேரத்தை வீணாக்குவானேன்" என்றார். கடைசிப் படியில்தான் மூச்சு அதிகம் வாங்குமாம். அந்தப் படி அவருடைய மூத்த மகனுக்கு. அவன் பேசிப் பல வருடம் ஆகிறதாம்.

31ஆம் படியில் மட்டும் அவர் பேர் சொல்லவில்லை. "எதிர்வீட்டுப் பெண்" என்றார். சொன்ன பிறகுதான் பக்கத்தில் நிற்பது நான்தான் என்று நினைவு வந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு முன்னால் என் அறையில் இருந்தவர் காலி செய்துகொண்டு போனபின் அந்தப் படி கொஞ்ச நாள் வெறுமையாக இருந்ததாம். நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று முதல் அது என்னுடையது.

யோசித்துப் பாருங்கள். எனக்கு ஜெபம் வராத அந்த மூன்று மாதமும், என் அறைக்கு வெளியே பத்தடி தூரத்தில், என் பேர்கூடத் தெரியாத ஒருவர் எனக்காக தினமும் ஜெபித்துக்கொண்டிருந்திருக்கிறார். யாக்கோபு வீட்டைவிட்டு ஓடிவந்து, வெட்டவெளியில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்து, காலையில் எழுந்து, கர்த்தர் இந்த இடத்தில் இருக்கிறார், எனக்குத்தான் தெரியாமல் போயிற்று என்று சொன்னானே, ஆதியாகமம் 28ஆம் அதிகாரம், அதை எத்தனை தடவை வீட்டு ஜெபத்தில் வாசித்திருப்போம்! அன்று ராத்திரிதான் அது எனக்குப் புரிந்தது. அன்றைக்குத்தான் அழுது ஜெபித்தேன்.

அந்தப் பாட்டிதான் என்னைத் தன் சபைக்குக் கூட்டிப்போனார். சின்னச் சபை, மொத்தமே முப்பது பேர் இருப்போம். நல்ல பாடகர் குழு எல்லாம் கிடையாது. ஆர்கன் வாசிப்பவர் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கை நடுங்கும், அதனால் எல்லாப் பாட்டும் மெதுவாகத்தான் போகும். எனக்கு அது வசதி, வார்த்தைகளைப் பிடித்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஆராதனை முடிந்ததும் யாரும் ஓடுவதில்லை, நாற்காலிகளை வட்டமாகப் போட்டுச் சூடாக எதையாவது குடித்துக்கொண்டு பேசுவார்கள். யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டுச் சாமான்களை இறக்க ஆள் வேண்டும், எல்லாம் அங்கேதான் முடிவாகும். நடுவில் நான் இரண்டு ஞாயிறு போகவில்லை. இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் கோட்டு கொடுத்த அக்காவும் இன்னொருவரும் கதவைத் தட்டினார்கள். ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்து, ஜெபித்துவிட்டு, ஒரு பையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆதிச் சபையைப் பற்றி அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் வருமே, உபதேசத்திலும் அந்நியோந்நியத்திலும் என்று. அப்பா அதை வாசிக்கும்போது அந்தச் சொல்லில் நாக்கு சிக்கி நாங்கள் சிரிப்போம். கணவன் மனைவி ஒற்றுமைக்குச் சொல்லும் சொல்லாயிற்றே, சபைக்கு எப்படிப் போட்டார்கள் என்று நினைத்திருக்கிறேன். இங்கே உட்கார்ந்து அதை எழுத்துக் கூட்டிப் பார்த்தால், அந்நியர் என்கிற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. எனக்கு இந்தச் சபை அப்படித்தான் ஆனது.

வேலை இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சமையலறையில்தான். சமைப்பதில்லை, பாத்திரம் கழுவுகிறேன். உங்களிடம் "கிச்சன் வேலை" என்று பொதுவாகச் சொல்லியிருந்தேன். படித்த படிப்புக்கு இதுவா என்று நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று பயம். இப்போது சொல்லலாம் என்று தோன்றுகிறது. புதன்கிழமை வேதபாடத்தில் போதகர் ஒருவரைப் பற்றிச் சொன்னார், சகோதரர் லாரன்ஸ் என்று பேர். பிரான்ஸ் தேசத்துக்காரர். போர்வீரனாக இருந்து காலில் அடிபட்டு, 1640இல் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தில் சேர்ந்திருக்கிறார். பெரிய படிப்பு இல்லை என்று சமையலறையில் போட்டார்கள். அந்த வேலை அவருக்கு அறவே பிடிக்காதாம். ஆனாலும் பல வருடம் அங்கேயே இருந்து, நாலு பேர் நாலு சாமானைக் கேட்டுச் சத்தம் போடும் அந்த இடத்திலும், திருவிருந்தில் முழங்காலில் நிற்கிற அதே அமைதியோடு ஆண்டவரோடு இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். 1691இல் இறக்கும்வரை ஒரு சாதாரண சகோதரர்தான், குருவானவர்கூட இல்லை.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. அவருக்கு 18 வயதில் விசுவாசம் வந்தது ஒரு மரத்தைப் பார்த்துத்தான். குளிர்காலத்தில் இலையே இல்லாமல் நின்ற மரம். இதில் மறுபடியும் இலை வரும், பூ வரும், காய் வரும் என்று யோசித்தாராம், அவ்வளவுதான். அன்று திரும்பி வரும்போது எங்கள் தெருமுனை மரத்தடியில் நின்றேன். இருட்டில் கையால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு கிளை நுனியிலும் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, மூடின மொட்டு. குளிர் முழுக்க அது அங்கேயேதான் இருந்திருக்கிறது, நான்தான் அண்ணாந்து பார்க்கவில்லை.

மறுநாள் எனக்குக் கிடைத்தது அடிபிடித்த பெரிய அண்டா ஒன்று. நான் உள்ளே இறங்கி உட்காரலாம், அவ்வளவு பெரியது. வெந்நீரும் உப்பும் போட்டு ஊறவைத்து, மரக்கரண்டியால் விளிம்பிலிருந்து சுரண்டிக்கொண்டே வந்தேன். கறுப்பு, தகடு தகடாகப் பெயர்ந்தது. நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குப் பளபளவென்று அடி தெரிந்ததும், "ஆண்டவரே, இதில் நாளைக்குச் சாப்பிடப்போகிறவர்கள் யாரோ, அவர்களை ஆசீர்வதியும்" என்று வாயில் தானாக வந்தது. முழங்காலில் நின்று மூன்று மாதம் வராத ஜெபம். அது முதல் கழுவுகிற ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அந்த ஒரு வரிதான். நீங்கள் விளக்கை ஏற்றும்போது உதடு அசையுமே, எதற்கென்று நான் கேட்டதே இல்லை. இதுதானா அம்மா?

இப்போது நானும் படிகளில் பேர் சொல்லித்தான் ஏறுகிறேன். முதல் படி உங்களுக்கு. இரண்டு தம்பி, மூன்று தங்கச்சி, அப்புறம் சித்தி வீட்டார், மாமா வீட்டார், கோயில்பிள்ளை தாத்தாவைக்கூடச் சேர்த்திருக்கிறேன். நம் வீட்டாரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தபோது, முதல் நாள், பழக்கத்தில் அப்பா பேரும் வந்துவிட்டது. படியில் அப்படியே நின்றுவிட்டேன். அவருக்காக இனி என்ன கேட்பது? கால் எடுத்து வைக்கவும் முடியவில்லை, அந்தப் படியை வேறு யாருக்கும் கொடுக்கவும் மனம் வரவில்லை. மாடி விளக்கு தானாக அணைந்துவிட்டது. இருட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உங்கள் சேலை வாசனை, அப்பா இருமல், நம் வாசல் கதவு திறக்கிற சத்தம், எல்லாம் ஒன்றாக வந்து அடித்தது, அம்மா. வீட்டுக்கு வந்துவிட வேண்டும் போல இருந்தது. எதிர்வீட்டுப் பாட்டிதான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "அந்தப் படியில் ஒன்றும் கேட்காதே, நன்றி மட்டும் சொல்லு" என்றார். இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 14ஆம் படி பெரியப்பாவுக்கு. முதல் இரண்டு வாரம் அந்தப் படியில் கால் வைக்கவே இல்லை, 13இலிருந்து நேராக 15க்குத் தாவிவிடுவேன். அப்பா அடக்கத்தன்று அவர் பேசின பேச்சு எனக்கு மறக்கவில்லை. உங்களுக்கும் மறந்திருக்காது. ஆனால் தன் மகன் பேசாமல் இருக்கும் கடைசிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஒருவரோடு தினமும் ஏறிவிட்டு, நான் தாவிப் போக முடியவில்லை. இப்போது அங்கேயும் நிற்கிறேன். பேரைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மேல் இன்னும் வரவில்லை.

அதனால், நீங்கள் எழுதியிருந்த வீட்டு விஷயம். பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். கிணற்றுப் பக்கத்துச் சுவரை அவர் எங்கே வைக்கச் சொல்கிறாரோ அங்கேயே இருக்கட்டும். நாலடி நிலத்துக்காகத் தம்பி வக்கீலைப் பார்க்கப் போக வேண்டாம், நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தங்கச்சிக்கு வந்திருக்கிற சம்பந்தத்தைப் பற்றி அவளிடம் கேட்டீர்களா? அவள் சரி என்று சொல்லாமல் போதகரிடம் பேச வேண்டாம். உங்கள் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். பணம் இந்த மாதம் மட்டும் ஒரு பத்து நாள் தாமதமாக வரும், வங்கியில் ஏதோ வேலை, வேறொன்றும் இல்லை. ஆபரேஷனுக்குச் சித்தியைத் துணைக்குக் கூப்பிடாமல், முடிந்தால் பெரியம்மாவைக் கூப்பிடுங்கள். நீங்கள் கூப்பிட்டால் அவர்கள் வருவார்கள்.

அப்பாவின் பெரிய வேதாகமம் பெரியப்பா வீட்டில் இருப்பதைப் பற்றிக் கேட்க வேண்டாம். அது அவருக்கும் அவர் அப்பாவின் வேதாகமம்தானே. அங்கேயே இருக்கட்டும். ஆனால் முதல் பக்கத்தில் தாத்தா எழுதின பேர்களும் பிறந்த தேதிகளும் இருக்கின்றன. எனக்கு இன்னும் ஒன்பது படி மீதி இருக்கிறது, அம்மா, நம் சொந்தத்தில் பேர் தெரியாதவர்கள் நிறைய. பெரியப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்லி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கீழ் வரிகளில் மை மங்கியிருக்கும். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைத்து எடுக்கட்டும்.

உங்கள் அன்பு மகள்