உன் புது வேலையும், இங்கே பார்த்ததும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் முழுநேர வேலையில் சேர்ந்துவிட்டாய் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். இனி சொந்தக் கேஸ் எடுக்க முடியாதே என்று வீட்டில் யோசிக்கிறார்கள் என்றாயே, அதுவும் நியாயம்தான். அமெரிக்காவில் இந்த ஏற்பாடு ரொம்ப காலமாக இருக்கிறதே, எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். 2025இல் எங்கள் மாசசூசெட்ஸில் நடந்ததைச் சொல்கிறேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாகப் போய்வருவதால் சிலதை நேரிலேயே பார்த்தேன்.

2025இல் இங்கே ஏழைகளின் கேஸ்களில் சுமார் 80 சதவீதத்தை நடத்தியது சம்பளத்துக்கு இருக்கும் அரசு வக்கீல்கள் இல்லை. தனியாகத் தொழில் செய்கிறவர்கள்தான் எடுத்து நடத்தினார்கள். மாநில அரசு அவர்களுக்கு மணிக்கணக்கில் ஃபீஸ் கொடுக்கிறது. மாவட்ட நீதிமன்றக் கேஸ் என்றால் அப்போது மணிக்கு 65 டாலர். உனக்குப் பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் ஆபீஸ் வாடகை, மருத்துவக் காப்பீடு, ஓய்வுகாலச் சேமிப்பு எல்லாம் அதிலிருந்துதான் போகவேண்டும். அக்கம்பக்கத்து மாநிலங்களில் அப்போது இதைவிட அதிகம்: நியூ ஹாம்ப்ஷயரில் 125, ரோட் ஐலண்டில் 112, மெயினில் 150. ஃபீஸை உயர்த்தச் சொல்லிக் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, மே 27இலிருந்து நிறையப் பேர் புதுக் கேஸ் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பாஸ்டனும் சுற்றுவட்டாரமும்தான் அதிகம் அடிபட்டன.

அந்த ஜூலையில் ஒரு நாள் என் கேஸ் கூப்பிடும்வரை பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு இளைஞன், கையில் விலங்கு. பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றான். அவனுக்காக எழ யாரும் இல்லை. பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகத்து (ஏழைகளுக்கு வக்கீல் ஏற்பாடு செய்யும் அரசு அலுவலகம்) பெண் ஒருவர், எந்தெந்த வக்கீலைக் கூப்பிட்டார்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஒரு தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனார். நீதிபதி முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டு கேட்டார். அந்தப் பையன் தன் வாய்தா எப்போது என்று கேட்க வாயெடுத்தான். வக்கீல் இல்லாமல் எதுவும் பேசவேண்டாம், பேசினால் உனக்கே பாதகமாகிவிடும் என்று நீதிபதியே தடுத்தார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அவனுக்காகப் பேசவும் ஆள் இல்லை, அவனும் பேசக்கூடாது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வக்கீல் கிடைக்காமல் 7 நாளுக்கு மேல் யாரையும் சிறையில் வைக்கக்கூடாது, 45 நாள் ஆகியும் கிடைக்காவிட்டால் கேஸையே தள்ளுபடி செய்யவேண்டும் என்பது இந்த மாநில உச்ச நீதிமன்றம் 2004இல் சொன்னது. அதன்படி ஜூலை 22 அன்று பாஸ்டனில் ஒரே நாளில் 120க்கும் மேற்பட்ட கேஸ்கள் தள்ளுபடி ஆயின. சில்லறைக் கேஸ்கள் மட்டும் இல்லை, வீட்டில் அடிவாங்கிய பெண்கள் கொடுத்த புகார்களும் அதில் இருந்தன. அரசுத் தரப்பு மறுபடி தாக்கல் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது, சரி. ஆனால் பயந்து பயந்து ஒரு தடவை சாட்சி சொல்ல முன்வந்தவள் இரண்டாம் தடவையும் வருவாளா? குற்றவாளிக்குச் செய்யும் உபகாரம் என்று இந்த வக்கீல் செலவை நினைக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்ப்பதே இல்லை.

ஆகஸ்டில் சட்டமன்றம் இறங்கிவந்தது. மணிக்கு உடனே 10 டாலர் கூடுதல், அடுத்த வருடம் இன்னொரு 10. கூடவே சம்பளத்துக்கு வக்கீல்களைச் சேர்க்கவும் பணம் ஒதுக்கினார்கள். இரண்டும் சேர்ந்தாலும் 85தான். பக்கத்து மாநிலங்களைத் தொடவே இல்லை. வக்கீல்கள் ஏழைகளைப் பணயம் வைத்தார்கள் என்று நிறையப் பேர் திட்டினார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. இத்தனை வருடம் குறைந்த ஃபீஸுக்கு அந்த ஏழைகளின் கேஸ் கட்டுகளைச் சுமந்தவர்களும் அவர்கள்தானே.

மற்ற மாநிலங்களிலும் இதே கதைதான். கிடியன் வழக்கை நீ லா காலேஜில் படித்திருப்பாய். ஃபுளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதியவர். 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லி, பெருங்குற்ற வழக்குகளில் வக்கீல் வைக்க முடியாதவருக்கு மாநிலம் வக்கீல் கொடுத்தே ஆகவேண்டும் என்றது. யார் எவ்வளவு பணம் கொடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை. லூசியானாவில் அந்தச் செலவில் ஒரு பெரிய பங்கு போக்குவரத்து அபராதத்தோடு வசூலிக்கும் கட்டணத்திலிருந்து வருகிறது. போலீஸ் டிக்கெட் போடுவது குறைந்தால் வக்கீல் சம்பளத்திலும் துண்டு விழும். ஓரிகனில் தேவையான வக்கீல்களில் 31 சதவீதம்தான் இருக்கிறார்கள் என்று 2022இல் ஒரு ஆய்வு சொன்னது. மிசௌரியில் 2016இல் பப்ளிக் டிஃபெண்டர் தலைவர், நிதியை நிறுத்திவைத்த கவர்னரையே (அவரும் ஒரு வக்கீல்) ஒரு ஏழையின் கேஸை நடத்தச் சொல்லி நியமித்தார்! செல்லாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த மனுஷனின் ஆற்றாமை எனக்குப் புரிகிறது.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கேஸுக்கு எத்தனை மணி நேரம் செலவானது என்று இப்போதிலிருந்தே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை. ஜெயிலுக்குப் போய் ஆளைப் பார்த்த நேரம், சாட்சியைத் தேடி அலைந்த நேரம் எல்லாம். இங்கே ஒரு வக்கீல் வருடத்துக்கு 150 பெருங்குற்றக் கேஸ் பார்க்கலாம் என்று 1973இல் வகுத்த கணக்கை ஐம்பது வருடம் பிடித்துத் தொங்கினார்கள். 2023இல்தான் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து ஒழுங்காகக் கணக்கிட்டார்கள். ஒரு கொலை வழக்குக்கு மட்டும் 248 மணி நேரம் வந்தது. அப்படியென்றால் 150 எங்கே? உங்கள் அலுவலகம் புதிது. ஆள் போதவில்லை என்று கேட்கப் போகும்போது கையில் ஒரு கணக்கு இருக்கட்டும்.

இப்போது ஆளுக்கு எத்தனை கட்டு தருகிறார்கள்? ரிமாண்டின்போதே ஆளைப் பார்க்க விடுகிறார்களா? மறக்காமல் எழுது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது, நான் ரொம்பவும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்