கருகல் நோயின் வருகையை முன்கூட்டியே அறிவிக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலை ஊர்களின் மழையளவும் வெப்பநிலையும் தங்கள் நாளிதழில் வெளிவருகின்றன. காற்றின் ஈரப்பதம் முந்தைய நாளில் எத்தனை மணி நேரம் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் நின்றது என்பதையும் அவற்றோடு வெளியிட வேண்டுகிறேன். வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி உருளைக்கிழங்கும் சில தக்காளிச் செடிகளும் வைத்திருப்போருக்கு, அவற்றைத் தாக்கும் பின்கருகல் நோயின் வருகையை முன்கூட்டியே அறிய அந்த ஓர் எண் பேருதவியாக இருக்கும்.

சென்ற ஆண்டு கார்போகத்தில், நான்கு நாள் விடாத மூடுபனிக்குப் பின், என் உருளைச் செடிகளின் இலை ஓரங்களில் நீர் கோத்தது போன்ற கரும்புள்ளிகளைக் கண்டேன். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தபோது அடியில் வெண்பூசணம் படர்ந்திருந்தது. அன்றே மருந்து வாங்கித் தெளித்தும் பத்து நாளில் தண்டெல்லாம் கறுத்துச் சாய்ந்தது. பக்கத்துப் பாத்தியில் காய்த்திருந்த தக்காளியும் பழுப்பேறி அழுகிற்று. தாக்கிய நோய் கண்ணுக்குத் தெரியவே சில நாள்கள் ஆகும் என்பதையும், மான்கோசெப், போர்டோ கலவை போன்ற தெளிப்பு மருந்துகள் நோய் நுழையாமல் தடுக்குமேயன்றி நுழைந்ததை ஆற்றா என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

1845இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய அதே பின்கருகல் நோய்தான் இது. இந்தியாவில் இது முதலில் காணப்பட்டதும் நம் நீலகிரியில்தான், 1870க்கும் 1880க்கும் இடையில். இந்த நோய் வானிலையைச் சார்ந்தது என்பதால் இதை முன்கணிக்க முடிகிறது. தொடர்ந்து இரண்டு நாள் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் ஆறு மணி நேரமாவது ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருந்தால் எச்சரிக்கை தருவது பிரிட்டனில் 2017 முதல் பின்பற்றப்படும் ஹட்டன் விதி. பருவமழை உச்சத்தில் நம் மலையில் ஏறக்குறைய எல்லா நாளும் இவ்விதிக்குள் அடங்கிவிடும் என்பது உண்மையே. ஆனால் மழை தொடங்கும் முன்னான முதல் இரண்டு ஈர நாள்களை அறிவதுதான் எங்களுக்கு முக்கியம். மேற்கு உத்தரப் பிரதேசத்துக்கென ஜுல்சாகாஸ்ட் என்னும் முன்கணிப்பு முறை ஏற்கெனவே உருவாக்கப்பட்டுள்ளது. அதுபோல நீலகிரிக்கு ஏற்ற விதியை வகுத்து மக்களிடம் கொண்டுசேர்க்க, உதகை முத்தோரையில் உள்ள உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தைவிடத் தகுதியானவர் யார்?

அந்த எச்சரிக்கை கிடைத்த அன்றே தடுப்பு மருந்தை இலையின் அடிப்புறமும் நனையத் தெளிக்கலாம்; தக்காளியின் கீழிலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் தரலாம்; உருளைக்கு மண் அணைத்துக் கிழங்கை மூடலாம். மாலையில் செடிமேல் நீர் ஊற்றுவதை அறவே விட வேண்டும். சென்ற போகத்தில் தோண்டாமல் விட்ட கிழங்குகள் தாமாக முளைத்தால் உடனே பிடுங்குவதும் அவசியம். நோய் அந்தக் கிழங்குக்குள்தான் அடுத்த போகம் வரை உயிரோடு காத்திருக்கிறது. அழுகிய கிழங்கைக் குப்பைக்குழியில் எறிவோர் இன்னும் பலர். அதை ஆழப் புதைக்க வேண்டும் என்று வானிலைப் பகுதியின் அடியில் ஒரு வரி அச்சிட்டாலும் பயன்படும்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.