அப்பா நலம்

அன்பு மகன் இளங்கோவுக்கு,

அப்பா நலம் என்று எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாக உன் குரல் இல்லை. கோப்பன்ஹேகனில் சாயங்காலமே இருட்டிவிடுகிறது என்றாய், இருட்டினால் பசிக்காதா? ரசப்பொடி தீர்ந்திருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

இதயத் தசைக்கு ஆக்சிஜன் போவதைப் பற்றி நீ அனுப்பிய கட்டுரையை மூன்று முறை படித்தேன். சமன்பாடுகளைத் தாண்டித் தாண்டித்தான் படித்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு தந்துகி, மயிரிழை போன்ற இரத்தக் குழாய், அதைச் சுற்றி உருளை போலத் தசை: 1919இல் க்ரோக் என்ற விஞ்ஞானி உன் ஊரிலேயே இருந்து போட்ட கணக்கு. அவர் ஆக்சிஜனைப் பார்த்தார். நீ கூடவே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவையும் சேர்த்திருக்கிறாய். குழாய்ச் சுவரில் பிறக்கிறது. இரத்தத்தின் பக்கம் போனால் ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. தசைப் பக்கம் தப்பியது சில நொடி வாழ்ந்து, செல்கள் ஆக்சிஜனை எரிக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து வேகத்தைக் குறைக்கிறது. எனக்குக் கல்யாணப் பந்திதான் நினைவுக்கு வந்தது. முதல் இலைக்காரர் வாரிக் கொட்டிக்கொண்டால் கடைசி இலைக்குச் சோறு எட்டாது. முன்னால் உட்கார்ந்தவரின் கையைக் கொஞ்சம் பிடித்து வைக்கிற வாயு. சரிதானா? தப்பென்றால் திருத்து. அதற்காகவாவது கூப்பிடு.

இதயம் ஓய்விலேயே தனக்கு வரும் ஆக்சிஜனில் 100க்கு 70 பங்கை எடுத்துவிடுகிறது, கையிருப்பு கிடையாது என்கிறாய். சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. தளரும் நேரத்தில்தான் இடது பக்கத்துக்குச் சாப்பாடு. உள்சுவர்தான் முதலில் பட்டினி. எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டு, நள்ளிரவில் டாக்சியை ஓரங்கட்டி ஆறிப்போன சோற்றைத் தின்ற ஒருவரை எனக்குத் தெரியும்.

ஒரு சந்தேகம். உன் கணக்கில் வயது வருகிறதா? எழுபத்தொரு வயதுக் குழாய்ச் சுவரில் அந்த வாயு எவ்வளவு பிறக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

இங்கே சிங்கப்பூரில் தைப்பூசம் ஆயிற்று. பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோட்டுக்கு அப்பா இந்த வருடம் பால்குடம் எடுக்கவில்லை. கூட்டமாம். தேக்காவுக்குப் போகும்போது மேம்பாலத்தில் பாதியில் நின்று, என்ன பஸ் வருகிறதென்று பார்க்கிறேன் என்கிறார். முப்பத்தொரு வருடம் டாக்சி ஓட்டியவருக்கு எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியாதாம். அடிக்கடி தலைவலி வேறு. கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்னவோ.

எதிர்வீட்டு அக்காவின் பேத்திக்கு நிச்சயம் ஆகிவிட்டது. மற்றபடி செய்தி இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

இளங்கோ, தீபாவளியன்று பெரிய மாமா தன் இசிஜி தாளை நீட்டி, "டாக்டர் தம்பி பாருங்கள்" என்றாரே. நீ அப்பாவிடம் திரும்பி, "இன்னும் எத்தனை பேரிடம் பொய் சொல்லி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாய். அவர் வாய் திறக்கவில்லை. நான் வடையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நீ டாக்டர் என்று சொன்னது நான். நீ கணிதம் எடுத்த வருடம், ஆசிரியர் அறையில் எல்லோரும் பிள்ளைகளைப் பற்றிப் பேசியபோது, மருத்துவத்துக்கு இடம் கிடைக்காதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று வாயில் வந்துவிட்டது. பிறகு மாமாவிடம். பிறகு எல்லோரிடமும். பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிப் பாடம் எடுத்தவள். அப்பா ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. "கணக்குப் போடுகிறான், இதயத்துக்குள் காற்று எப்படிப் போகிறதென்று" என்றுதான் டாக்சியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். யாருக்கும் புரியாது, அவர் விடமாட்டார். அன்றிரவு, "நீ சொன்னாய் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம், உன்னோடும் பேசாமல் போய்விடுவான்" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். அதுதான் எனக்குத் தூக்கம் வராத காரணம்.

அப்பா நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியிலேயே வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாய். மூடி திறக்கச் சிரமப்படுகிறார் என்று பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றியிருந்தேன். அதையும் நான்தான் செய்தேன். நேற்று பலதுறை மருந்தகத்தில் புதுப் புட்டி வாங்கிவிட்டேன். பழையதில் எண்ணிப் பார்த்தேன். தீபாவளிக்கு வாங்கியது, பாதிதான் இருந்தது.

ஞாயிறு காலை எங்கள் நேரம் பத்து மணிக்கு அவர் கீழே கோப்பி குடிக்கப் போய்விடுவார். அதற்கு முன்னால் கூப்பிடு. நான் எடுக்கமாட்டேன். அவர்தான் எடுப்பார்.

அம்மா