பால்வாடிக்கு வந்த புத்தகப் பெட்டி

ஸ்கார்பரோ, டொராண்டோ, கனடா,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கோமதி அக்காவுக்கு,

உன் கடிதம் பொங்கல் கழிந்த வாரம் கைக்கு வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, அத்தான் கிணற்றடி வயலில் உளுந்து போட்டிருக்கிறார், சின்னவன் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தான் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். இத்தனை மாதம் நான் ஒரு வரி போடாததற்கு நீ திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

எனக்கு இங்கே ஒரு குறையும் கிடையாது. குளிர்தான் மைனஸ் 18 வரை போகிறது. பிள்ளைகள் காப்பகத்துக்கு வந்ததும் தொப்பி, கையுறை, பூட்ஸ், பனிச்சட்டை என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டவே அரை மணி ஆகிவிடும். குளிர்காலம் என்பதால் எனக்கு வேலை நேரம் கொஞ்சம் குறைவு, நல்ல ஓய்வு. ஞாயிற்றுக்கிழமையில் அடுத்த வாரத்துக்கு வேண்டிய காகிதங்களை வெட்டி அடுக்கி வைப்பேன். பொழுது போவதே தெரியவில்லை.

பால்வாடிக்குப் பெட்டி நிறையப் படப் புத்தகம் வந்ததையும், பிள்ளைகள் நாலு பக்கத்தைக் கிழித்ததும் நீ எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டியதையும் எழுதியிருந்தாய். பூட்டாதே அக்கா. போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் புத்தகங்களை வெளியே எடு. மூன்று வயதுப் பிள்ளைக்குப் புத்தகத்தின் முதுகைப் பார்த்து எதுவும் தெரியாது, அட்டைப்படம் தெரிய வேண்டும். சுவரில் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் நைலான் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டி, துணி கிளிப் போட்டு ஆறே ஆறு புத்தகம் மட்டும் மாட்டு. வாரம் இரண்டை மாற்று. நாற்பதையும் ஒன்றாகக் கொட்டினால் மிதிபடும். டொராண்டோ பொது நூலகத்தில் 1912-லேயே லிலியன் ஸ்மித் என்ற பெண்மணியைக் குழந்தைகளுக்கென்றே நூலகராக வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் பிள்ளைகள் பக்கத்து அலமாரி அவர்கள் கைக்கு எட்டும் உயரம்தான்.

கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டாதே, வெயிலுக்கு மஞ்சளாகி மொடமொடத்து இன்னும் கிழியும். மெல்லிய வெள்ளைக் காகிதத்தை விரல் அகலத்துக்குக் கிழித்து, கொஞ்சம் தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவி ஒட்டி, கனமான பதிவேட்டுக்கு அடியில் ஒரு ராத்திரி வை. மைதா பசை புத்தகத்துக்கு ஆகாது. கரப்பான் வந்து பசையோடு பக்கத்தையும் தின்னும்.

இங்கே இந்த வயதில் 8 பிள்ளைகளுக்கு ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பது மாகாணச் சட்டம். உனக்கு இருபத்தைந்து பேர், நீயும் ஆயாம்மாவும் மட்டும். அதனால் எட்டெட்டுப் பேராகப் பிரி. மற்றவர்கள் ஆயாம்மாவோடு வேப்பமரத்தடியில் மணலில் விளையாடட்டும். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாசிக்காதே, பிள்ளைகளுக்குக் கண் கூசும், படம் இருட்டாகத் தெரியும். புத்தகத்தின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடித்துத் தோளுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வை. முதல் தடவை கேள்வியே கேட்காமல் கடைசி வரை வாசித்துவிடு. பக்கத்துக்குப் பக்கம் "இது என்ன நிறம், எத்தனை இருக்கு" என்று நிறுத்தினால் கதை செத்துப்போகும், பிள்ளை எழுந்து போய்விடும்.

இரண்டாம் தடவையில் கேள். அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் கூட இருந்தவர்களும் 1988-ல் எழுதிய ஒரு ஆய்வை வைத்துத்தான் இங்கே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். "யார் இது?" என்று கேட்பாய். "பூனை" என்பான். "ஆமா, மதில் மேல கறுப்புப் பூனை" என்று இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்லி, அதை அவன் வாயால் திருப்பிச் சொல்ல வை. அவ்வளவுதான் முறை. "அடுத்து என்ன ஆகும்" என்பதெல்லாம் மூன்றாம் நாளைக்கு இருக்கட்டும்.

கைவேலை இதற்கு அப்புறம்தான். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. யானைக் கதை படித்ததும் டீச்சரே வெட்டிய இருபத்தைந்து யானைகளைக் கொடுத்து வர்ணம் அடிக்கச் சொன்னால், கைவேலைக்கும் புத்தகத்துக்கும் ஒட்டுறவு இல்லாமல் போகும். படம் எப்படிச் செய்யப்பட்டது என்று பார். கிழித்து ஒட்டினார்களா, அச்சு குத்தினார்களா, தெளித்தார்களா? அந்த வேலையைப் பிள்ளை கையில் கொடு. செய்து முடித்த பிள்ளை தானாகவே திரும்பப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்ப்பான். கிழிப்பதும் நாளடைவில் குறையும், கிழிக்க வேறு தாள் இருக்கிறதல்லவா.

இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கிழிப்பதே வேலை. லியோ லியோனி என்பவர் ரயிலில் பேரப்பிள்ளைகளைச் சமாளிக்கப் பத்திரிகைத் தாளைக் கிழித்துத் துண்டு துண்டாக வைத்துக் கதை சொன்னார். அதுவே 1959-ல் புத்தகமானது. நீல வட்டமும் மஞ்சள் வட்டமும் கட்டிப்பிடித்துப் பச்சையாகிவிடும், அதுதான் கதை. திருவிழாக் கடையில் விற்கும் கண்ணாடிப் பேப்பரில் நீலமும் மஞ்சளும் ஒவ்வொரு தாள் வாங்கு. ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சன்னலில் பிடித்தால் பச்சை தெரியும். கண்ணாடிப் பேப்பரைச் சின்னக் கையால் கிழிக்க முடியாது, நீயே வெட்டிக் கொடு. கிழிக்கத் தினசரிக் காலண்டர் தாள்தான் வாகு. ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் போட்டுக் கொடுத்தால் பிள்ளை இரண்டு கையாலும் இழுப்பான். கல்யாணப் பத்திரிகை அட்டை தடிமன், அது ஒட்டுவதற்கு அடித்தாளாக இருக்கட்டும். இந்த வயதில் துண்டின் முதுகில் பசை தடவச் சொன்னால் விரலோடு ஒட்டிக்கொண்டு அழுவான். அடி அட்டையில் நீ பசையைப் பூசு, அவன் துண்டை வைத்து அழுத்தட்டும்.

பசைக்கு அளவு: ஒரு தம்ளர் மைதாவை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டி தட்டாமல் கரை. மூன்று தம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கரைசலை ஊற்றி, தீயைக் குறைத்து அடிபிடிக்காமல் கிண்டு. வெள்ளை மாறிக் கண்ணாடி போல் ஆனதும் இறக்கு. ஒரு கரண்டி உப்புப் போட்டால் இரண்டு நாள் தாங்கும், அப்புறம் புளித்துவிடும். எலி, பூச்சி வராதென்று மயில்துத்தம் போடுவார்களே, அது விஷம். பிள்ளைகள் பசையை நக்காமல் இருக்க மாட்டார்கள். தேர்தல் நேரத்தில் சித்தப்பா வாசலில் பெரிய அண்டா வைத்துச் சுவரொட்டிக்குப் பசை காய்ச்சுவார், நீயும் நானும் கிட்டே போனால் விரட்டுவார். இங்கே அடுப்பில் மைதா கொதித்து அந்த வாசனை எழும்பும்போது நம் வாசல், முருங்கைமரம், திண்ணையில் அம்மா வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பது எல்லாம் வந்துவிடுகிறது அக்கா. நீ ஒரு தடவை கூப்பிட்டால் கிளம்பிவிடுவேன் போல இருக்கிறது. சரி, விடு.

பனிக்காலத்தில் இங்கே எல்லோரும் எடுக்கும் புத்தகம் 'தி ஸ்னோவி டே'. எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-ல் செய்தது, மறு வருஷம் அமெரிக்காவில் சிறந்த படப் புத்தகத்துக்குத் தரும் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. சிவப்புப் பனிச்சட்டை போட்ட கறுப்பினச் சிறுவன்தான் நாயகன். அந்தக் காலத்து அமெரிக்காவில் அப்படியொரு பிள்ளையைப் புத்தகத்தில் பார்ப்பது அரிது. அம்மாவின் உடுப்புக்கு, அலமாரித் தட்டில் விரிக்கும் எண்ணெய்த்துணியை வெட்டி ஒட்டியிருக்கிறார். பனித்துகளுக்கு ரப்பரில் அச்சு செதுக்கியிருக்கிறார். ஒரு பக்கத்தில் பின்புலத்துக்குப் பல் துலக்கும் பிரஷ்ஷால் மை தெளித்திருக்கிறார்.

உனக்குப் பனி வேண்டாம், மழைக்குத் தெளி. பழைய பிரஷ்ஷை வர்ணத்தில் தொட்டு, செய்தித்தாளில் இரண்டு தட்டுத் தட்டி ஈரத்தைக் குறை. இல்லாவிட்டால் பெரிய சொட்டாக விழுந்து ஓடும். பிரஷ்ஷைத் தாளுக்கு நேராகப் பிடித்து, அதன் இழைகள் மேல் ஐஸ் குச்சியைப் பிள்ளை தன் பக்கமாக இழுக்க வேண்டும், அப்போதுதான் தூறல் எதிர்ப்பக்கம் போகும். வெளியே தள்ளினால் முகத்தில் தெறிக்கும். காகிதத்தில் குடை வெட்டி நடுவே வைத்துத் தெளித்து எடுத்தால், குடை இருந்த இடம் மட்டும் வெறுமையாக நிற்கும். அதைப் பார்த்ததும் போடுவார்களே ஒரு கூச்சல், அதைக் கேட்கவேண்டும்.

அச்சுக்கு உன்னிடம் உள்ள சாமான் இங்கே கிடைக்காது. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ. வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் கட்டம் கட்டமாக வரும், மீன் செதிலுக்கு அதைவிட நல்லது கிடையாது. வெட்டிய முகத்தைத் துடைத்துக் கொஞ்சம் காயவிடு, ஈரத்தோடு குத்தினால் கசங்கித் தெரியும். வர்ணத்தைக் கிண்ணத்தில் கொடுக்காதே, தட்டில் மடித்த ஈரத்துணி போட்டு அதில் ஊற்று. வர்ணம் வாங்கக் காசில்லை என்றால் மஞ்சள்தூள் கரைசல் போதும். தாளில் பூசிக் காயவைத்து, ஆப்பசோடாத் தண்ணீரைக் குச்சியில் பஞ்சு சுற்றித் தொட்டு எழுதினால் செங்காவியாகத் திரும்பும். சூரியன் மறையும் பக்கத்துக்கு அழகாக இருக்கும். சுண்ணாம்பிலும் சிவக்கும், ஆனால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, பக்கத்திலேயே கொண்டுவராதே.

வாராவாரம் பால்வாடிக்கு முட்டை வருகிறதே, அந்த அட்டையை எறியாதே. ஒரு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, கறை பட்டதைக் கழித்துவிட்டு, குழிகளை வரிசையாக வெட்டினால் கம்பளிப்புழு. எரிக் கார்ல் 1969-ல் செய்த பசிக்காரப் புழுப் புத்தகத்துக்கு இங்கே அதைத்தான் செய்கிறோம். காகிதம் குத்தும் மெஷினை வைத்துத் துளை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு அந்த யோசனையே வந்ததாம். மெல்லிய காகிதத்தில் முதலில் வர்ணம் பூசிக் காயவைத்து, பிறகு வெட்டி ஒட்டுவது அவர் வழக்கம். முந்தின நாள் பிள்ளைகள் கிறுக்கிய காலண்டர் தாளே மறுநாள் பழமாகவும் இலையாகவும் ஆகட்டும். பழங்களில் விரல் நுழையத் துளை போட்டுச் சணலில் கோத்துக் கொடு. அதைத் தள்ளிக்கொண்டே பிள்ளை கதையை வரிசை மாறாமல் சொல்லுவான்.

எனக்கு முட்டை அட்டை தருவது எதிர்வீட்டுக் கிரேக்கப் பெரியவர். பேசவே மாட்டார். காகிதச் சுருள் தீர்ந்த அட்டைக் குழாய்களை அளவு பார்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, முட்டை அட்டையோடு பையில் வைத்து என் கதவுப் பிடியில் மாட்டிவிட்டுப் போவார். கதவைத் திறப்பதற்குள் உள்ளே போய்விடுவார். பொங்கலன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டு போய்க் கொடுத்தேன். மறுநாள் கிண்ணம் நிறைய ஆலிவ் காயோடு திரும்பி வந்தது.

இன்னொன்று, இதை ஆயாம்மாவிடமும் சொல். பிள்ளையாருக்கு வைக்கிற மாதிரி பொம்மைக்குக் கண் வைக்கக் குன்றிமணி வேண்டாம். மென்றால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். மூன்று வயதுக்குள் பொத்தான், மணி, பட்டாணி எதுவும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள். ஜிகினாத் தூள் கண்ணில் விழும். குச்சிப் பொம்மைக்கு ஈர்க்கு குத்தினால் நுனியை மடக்கி விடு.

சென்னையில் தூலிகா, தாரா என்று இரண்டு பதிப்பகங்கள் இருக்கின்றன. தூலிகாவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் புத்தகங்கள் உண்டு. தாராவில் கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் அச்சடித்தவை விலை அதிகம், ஒன்று வாங்கினால் போதும். கறுப்புத் தாளில் அரிசிமாவுக் கரைசலால் தீக்குச்சியின் பின்பக்கத்தைத் தொட்டுப் புள்ளி வைக்கச் சொல். மாக்கோலம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நீ சொல்லித் தரவே வேண்டாம்.

இனி வீட்டு விஷயம். நகைக்கடன் வட்டிக்கு இந்த மாதம் பணம் இரண்டு தவணையாக வரும். பாங்கில் ஏதோ மாற்றம், வேறொன்றும் இல்லை. அம்மாவின் இடது கண்ணை இனித் தள்ளிப்போடாதே, திருநெல்வேலிக்கு அத்தானோடு கூட்டிப் போ. சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் கையில் எடுத்துக்கொள்.

அப்பா பேரில் உள்ள மனைக்குப் பட்டா மாற்ற நான் வரவேண்டும் என்று சித்தப்பா சொன்னாராமே. வரத் தேவையில்லை. இங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி, உன் பேருக்குப் பவர் பத்திரம் அனுப்புகிறேன். அந்த மனைக்கு மட்டும்தான், வேறு எதற்கும் செல்லாதபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். அது ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் பதிவுத்துறையில் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், தாண்டினால் தொல்லை. வந்த தேதிக்கு அத்தாட்சியாகத் தபால் உறையையும் பத்திரத்தோடு வை. அதற்குள் வில்லங்கச் சான்றும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துவிடு. வேலிப் பக்கம் சித்தப்பா கல் ஊன்றினால் சண்டைக்குப் போகாதே, தாலுகா சர்வேயருக்கு மனு போடு. அத்தானிடமும் இதையே சொல்.

அன்புத் தங்கை,
செல்வி