ஏழு தடவை மினுக்கிய விளக்கு

சார்செல், பிரான்ஸ்
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் வண்டிப் பேச்சை எடுத்தாலே அம்மா நடுவில் வாங்கி, சாப்பிட்டியா, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டியா என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் நிதானமாகப் படியுங்கள்.

இங்கே முத்தியால்பேட்டை மாதிரி தெருமுனைக்கு ஒரு மெக்கானிக் கிடையாது. நம்ம ஊரில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் செயினை இழுத்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். போன மாதம் என் ஹோண்டா பைக்கில் ஆரஞ்சு நிற என்ஜின் விளக்கு எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தால், கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கவே 70 யூரோ, அதுவும் மூன்று வாரம் கழித்து வா என்றார்கள். எனக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். மூன்று வாரம் வண்டியில்லாமல் எப்படி?

சரி என்று கீழ்த்தளப் பார்க்கிங்கில் வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை அப்பா. நம் வீட்டு வாசலில் நீங்கள் யார் வண்டி வந்தாலும் கேட்பீர்களே, அதையே கேட்டுக்கொண்டேன். எப்போது வருகிறது? சூட்டிலா, குளிர்ந்திருக்கும்போதா? கடைசியாக எதைத் தொட்டாய்? காலையில் குளிர்ந்த வண்டிதான் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். என் வாயிலிருந்து புகையாக மூச்சு வருகிற குளிரில், என்ஜினைப் போட்டதுமே ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறது. ஐஸ் மாதிரி இருக்கும் என்ஜினுக்கு ஃபேன் எதற்கு? அந்த இடத்திலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

இந்த ஹோண்டாக்களில் கம்ப்யூட்டர் இல்லாமலே பழுதைக் கேட்க ஒரு வழி இருக்கிறது. சிவப்பு கனெக்டர் ஒன்று இருக்கும். அதில் பிரவுன் ஒயரையும் பச்சை ஒயரையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டால், அந்த ஆரஞ்சு விளக்கு மினுக்கி நம்பர் சொல்லும். நீளமான மினுக்கல் பத்து, குட்டை மினுக்கல் ஒன்று. சாவியைப் போட்ட நேரம் பார்க்கிங் விளக்கு அணைந்துவிட்டது. இங்கே பொது இடத்து விளக்கெல்லாம் இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும், எழுந்து போய் மறுபடி பட்டனைத் தட்ட வேண்டும். அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. அந்த இருட்டில் விளக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று சத்தமாகவே எண்ணினேன். ஏழு, எல்லாமே குட்டை. கொஞ்சம் நின்று மறுபடி ஏழு.

ஏழு என்றால் கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர வைக்கிற திரவம், அதன் வெப்பத்தை அளக்கிற சென்சார். சென்சாரிடமிருந்து சேதி வராவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று வண்டி ஃபேனை ஓடவிட்டுவிடும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பின்னில் பச்சையாகக் களிம்பு. உப்பு அப்பா! இங்கே கடல் இல்லை, ஆனால் பனிக்காலத்தில் ஐஸ் கட்டாமல் இருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். டயர் அதை வாரி எல்லா இடுக்கிலும் அடிக்கிறது. கடற்கரைச் சாலையில் போய் வந்தால் ராத்திரியே நீங்கள் பனியன் வேஸ்ட்டால் ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் துடைப்பது நினைவுக்கு வந்தது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மல்டிமீட்டரில் சென்சாரைப் பார்த்தேன். குளிர்ந்திருக்கும்போது ஓம் அதிகம், என்ஜின் சூடானதும் குறைந்தது. அப்படித்தான் குறைய வேண்டும், அதனால் சென்சாரில் கோளாறு இல்லை. கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டி, பதிவான பழுதை அழித்தேன். ஃபேன் நின்றுவிட்டது. அன்றிலிருந்து விளக்கு எரியவே இல்லை.

பெஞ்சல் புயலில் ஸ்ப்ளெண்டர் சீட் வரைக்கும் மூழ்கியபோது தம்பி அதை உதைத்து ஸ்டார்ட் செய்யப் போனதையும் நீங்கள் தடுத்ததையும் அவன் சொன்னான். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக அமுக்கித் தண்ணீரை வெளியே தள்ளினீர்களாம். பால் விட்ட காபி மாதிரி வந்த ஆயிலைக் கொட்டிவிட்டு, இரண்டு தடவை புது ஆயில் மாற்றினீர்களாம். அந்த என்ஜின் இன்றைக்கும் ஓடுவது அதனால்தான் என்று தம்பியிடம் சொல்லுங்கள். அவனுடைய புது வண்டி பிஎஸ்6, புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது. அதில் பழுது பார்க்க ஆறு பின் சாக்கெட் இருக்கும். அதில் மாட்டிப் பழுதைப் படிக்கிற ரீடர் வாங்கித் தருவாயா என்று கேட்டான், வாங்கி அனுப்புகிறேன். ஆனால் முதலில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்.

மற்றபடி இங்கே பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற முடியாது, கேனில் பிடித்து நகராட்சிக் கழிவு மையத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருக்கிறது. காற்றழுத்தம் பார் கணக்கில்: முன்னால் 2.5, பின்னால் 2.9, அதாவது நம்ம ஊர் பிஎஸ்ஐ கணக்கில் 36, 42. போன ஏப்ரலிலிருந்து பைக்குக்கும் அரசுப் பரிசோதனை கட்டாயம், மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. அக்டோபரில் போனேன். பிரேக், டயர், லைட், சத்தம் எல்லாம் பார்த்தார்கள். ஒரு குறையும் எழுதவில்லை. அந்தத் தாளை பத்திரமாக வைத்திருக்கிறேன், வரும்போது காட்டுகிறேன்.

இப்போது ஒரு சந்தேகம். வண்டி 47,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 24,000-க்கு ஒரு தடவை டேப்பட் இடைவெளி, அதாவது வால்வு இடைவெளி, பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டாவது தடவைக்கு இன்னும் ஆயிரம்தான். ஒரு வாரமாகக் குளிர்ந்த என்ஜினில், வலது பக்கம், மெல்லிசாக டிக் டிக் என்று கேட்கிறது. ஐந்து நிமிஷம் ஓடினால் போய்விடுகிறது. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அதே வேகத்தில் கூடுகிறது. டேப்பட்டா, என்ஜினுக்குள் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரா என்று எனக்குப் பிடிபடவில்லை. நாளைக் காலை ஸ்டார்ட் செய்யும்போதே பதிவு செய்து தம்பி வாட்ஸப்புக்கு அனுப்புகிறேன். டிவியை நிறுத்திவிட்டு, ஹெட்போனில் கேளுங்கள். நீங்கள் சொல்கிறவரை கவரைத் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகள்