என் படகு மோட்டாரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

தண்ணீருக்குள் மறைந்திருந்த பாறையில் அடிபட்ட என் அவுட்போர்டு மோட்டார் மறுபடியும் அதிர்வில்லாமல் ஓடுகிறது. இதற்குக் காரணமானவர்களுக்கு எல்லோரும் அறிய நன்றி சொல்வதற்கே இந்த மடல்.

கயிறு கட்டிக் கரைவரை இழுத்து வந்த தம்பிக்கு முதல் நன்றி. "ஸ்டார்ட் ஆகுதேன்னு ஓட்டிராதீங்க அண்ணே, உள்ளே என்ன ஆச்சுன்னு தெரியாது" என்று நீ தடுத்ததால்தான் கியர் பெட்டி பிழைத்தது.

மெக்கானிக் அண்ணனுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. வெளியே தெரிந்ததெல்லாம் வளைந்த புரொப்பெல்லர் இறக்கைகளும் அதன் கீழே துடுப்புபோல் நீட்டியிருக்கும் தகடு உடைந்திருந்ததும்தான். வேறு யாராயிருந்தாலும் புது புரொப்பெல்லர் மாட்டி அனுப்பியிருப்பார்கள். அண்ணன் முதலில் கியர் ஆயிலின் அடித் திருகைக் கழற்றினார். பால் கலந்ததுபோல் வெளுத்து வந்தது ஆயில். தண்ணீர் இறங்கிவிட்டது என்று அப்போதே சொல்லிவிட்டார். திருகிலிருந்த காந்தத்தில் மெல்லிய பொடிதான் ஒட்டியிருந்தது, இரும்புச் சில்லுகள் இல்லை. பற்சக்கரங்கள் தப்பின என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அடியின் வேகத்தைப் புரொப்பெல்லருக்குள் இருக்கும் ரப்பர் புஷ் வாங்கிக்கொண்டு வழுக்கிவிட்டதாம்.

அதோடு அவர் விடவில்லை. புரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்டில், நூலளவு வளைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துக் கையால் மெல்லச் சுற்றினார். முள் ஆடியது. கண்ணுக்குத் தெரியாத அந்த வளைவோடு, தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ஆயில் சீலைப் புதிதாகப் போட்டிருந்தால் அதுவும் சீக்கிரமே தேய்ந்து கசிந்திருக்கும். ஷாஃப்ட், சீல், ஓ ரிங் எல்லாம் மாற்றியபின், எங்காவது கசிகிறதா என்று பார்க்கக் காற்றை ஏற்றி ஒரு சோதனை, காற்றை உறிஞ்சி இன்னொரு சோதனை. ஓடிச் சூடான பெட்டி குளிரும்போது உள்ளே தண்ணீரை இழுக்கும், அதனால் இரண்டாவதும் கட்டாயம் என்றார். கழற்றியது கழற்றியதுதான் என்று மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் என்ற சுழலியையும் மாற்றிக் கொடுத்தார்.

உடைந்த தகட்டுக்குப் புது அலுமினியத் துண்டு வைத்து ஆர்கான் வெல்டிங் செய்த ஐயாவுக்கு என் வணக்கம். சூட்டில் சீல் கருகிவிடும் என்று, புது சீல் போடுவதற்கு முன்பே வேலையை முடித்துத் தந்தீர்கள். ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை.

பட்டறையில் வேலை கற்கும் பையா, உன்னையும் மறக்க மாட்டேன். பற்சக்கரங்களின் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய ஷிம் வளையங்களைக் கழற்றியபின் வரிசை மாறாமல் துணியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட்டு வைத்தாய். அதில் ஒன்று இடம் மாறியிருந்தாலும் அந்த இடைவெளி கெட்டு, பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும். உன் உஸ்தாத் உன்னைப் பார்த்துச் சிரித்ததை நான் கவனித்தேன்.

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

என்றும் அன்புடன்,
படகின் சொந்தக்காரன்