டயர் வாங்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பைக்கின் பின் டயர் தேய்ந்துவிட்டது, ஆன்லைனில் பார்த்தால் கடைக்காரர் சொன்னதைவிட நன்றாகவே குறைவாக இருக்கிறது, வாங்கிவிடட்டுமா என்பதுதான் உன் கேள்வி. வாங்கு, வாங்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் என்று தெரியாமல் நீ எதையும் கேட்டுக்கொள்ள மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படிம்மா.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை கடையிலேயே வாங்கு. ஆன்லைனில் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. உன் வண்டிக்கு வேண்டியது எங்கேயும் கிடைக்கிற சாதாரண அளவு. அதைத் தேடி ஆன்லைனுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. விலையில் மிச்சமாவது திரையில் தெரிகிறது, அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிவதில்லை.

செருப்பு வாங்கினால் பெட்டியைப் பிரித்துக் காலில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். டயர் வாசலில் வந்து இறங்கும்போது பாதி வேலைகூட முடிந்திருக்காது. இன்னொருவர் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், பழையதை ரிம்மிலிருந்து பிரிக்க வேண்டும், புதியதை ஏற்ற வேண்டும். நீ வேகமாகப் போகும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். பிரேக் பிடிப்பதும் வளைவில் சாய்வதும் அந்த அளவை நம்பித்தான். அதை மாட்டிவிடுகிற கை யாருடையது என்பது டயரின் பெயரைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

நல்ல மெக்கானிக் ஒருவர் டயர் மாற்றுவதை அடுத்த முறை பக்கத்தில் நின்று கவனி. சக்கரம் கழன்று வந்ததும் அவர் முதலில் டயரைத் தொட மாட்டார். சக்கரத்தைத் தாங்கும் தண்டான ஆக்சில் போகிற துளைக்குள் விரலை விட்டு, சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் பேரிங்கைச் சுற்றிப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு சுற்றினால் சரி. விரலில் நறநறவென்று தட்டுப்பட்டால் பேரிங் போகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பின் சக்கரம் என்றால் செயின் மாட்டும் பல் சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கு உள்ளே, அதிர்ச்சியைத் தாங்க இருக்கும் கப்ளிங் ரப்பரை அசைத்துப் பார்ப்பார். அது தளர்ந்திருந்தால் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி ஒரு உதறு உதறும். ஓட்டுகிற நமக்கு அது செயின் கோளாறு போலத் தோன்றும். இதையெல்லாம் சக்கரம் கையில் இருக்கும்போது பார்த்தால்தான் உண்டு.

பிறகு கழற்றிய பழைய டயரைப் புரட்டிப் பார்ப்பார். நடு மட்டும் பலகை போலத் தட்டையாகியிருந்தால், ஒன்று நீ நேர் சாலையிலேயே அதிகம் ஓடியிருக்கிறாய், இல்லையென்றால் காற்று கூடுதலாக வைத்திருக்கிறாய். இரண்டு ஓரமும் சீக்கிரம் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. அலை அலையாக மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பதையோ, பார்க்க வேண்டும். பழைய டயர் போகிற போக்கில் வண்டியின் நிலைமையைச் சொல்லிவிட்டுப் போகிறது. அதைப் படிக்கத் தெரிந்த கண் வேண்டும். ஆன்லைனில் டயர் வாங்கி, அவசரமாகக் கிடைத்த இடத்தில் மாட்டினால் அந்தக் கண் உனக்குக் கிடைக்குமா என்பதைத்தான் கேட்கிறேன்.

மாட்டுவதிலும் நிறைய நுணுக்கம் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். அது தலைகீழாகப் போய்விடக் கூடாது. சில டயர்களில் மஞ்சள் புள்ளி ஒன்று இருக்கும். டயர் அந்த இடத்தில் எடை குறைவு, அதனால் அதை வால்வுக்கு நேராக வைப்பார்கள். ட்யூப்லெஸ் என்றால் ரப்பர் வால்வையும் புதிதாகப் போட வேண்டும், ட்யூப் டயர் என்றால் ட்யூபையும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவிக் காற்று ஏற்றும்போது 'டப்', 'டப்' என்று சத்தம் கேட்கும். இரண்டு பக்க பீடும், அதாவது டயரின் உள்விளிம்பும், ரிம்மில் போய் உட்காருகிற சத்தம் அது. சத்தம் கேட்டதோடு விட்டுவிடாமல், ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பார். ஓர் இடத்தில் உள்ளே அமுங்கியிருந்தாலும் வண்டி ஓடும்போது குதிக்கும்.

கடைசியில் பேலன்சிங், ஆக்சில் நட் இறுக்கம், செயின் தொய்வு, சக்கரம் நேராக நிற்கிறதா என்பது. பின்னால் டிஸ்க் பிரேக் என்றால், சக்கரத்தை ஏற்றும்போது பிரேக் பேட் விலகியிருக்கும். வண்டியை எடுக்கும் முன்னால் பெடல் கெட்டிப்படும்வரை மிதித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதி வெறுமனே உள்ளே போகும். அந்த முதல் மிதி போக்குவரத்தின் நடுவில் வந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி.

சரி, ஆன்லைனில் வாங்கி, இப்படி ஒரு நல்ல கையிடமே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்று கேட்பாய். கொடுக்கலாம். ஆனால் காற்று இறங்கினாலோ, ஹேண்டில் நடுங்கினாலோ, டயரில் வீக்கம் தெரிந்தாலோ யாரிடம் போவாய்? விற்றவர் "மாட்டியதில் கோளாறு" என்பார். மாட்டியவர் "டயரிலேயே கோளாறு" என்பார். இரண்டு பேரும் உண்மை என்று நம்பியே சொல்லலாம். நடுவில் நிற்பது நீதான். ஒருமுறை ரிம்மில் ஏறிய டயரைத் திருப்பி எடுத்துக்கொள்கிறவர்கள் குறைவு. ஒரே கடையில் வாங்கி அங்கேயே மாட்டினால், கேள்வி கேட்க ஒரே ஆள், பதில் சொல்ல ஒரே ஆள். நீ கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்தப் பொறுப்புக்கான கூலி என்றுதான் நான் பார்க்கிறேன்.

தேதி விஷயமும் இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம், இரண்டு பக்கமும் பார். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் வெயிலிலும் சூட்டிலும் மெல்ல இறுகிக்கொண்டே வரும். பயன்பாட்டுக்கு வந்து 5 ஆண்டு ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும், தயாரித்து 10 ஆண்டு ஆனால் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று மிஷலின் நிறுவனமே சொல்கிறது. கடையில் பணம் கொடுக்கும் முன்னால் அந்த இலக்கத்தைக் குனிந்து படிக்கலாம். ஆன்லைனில் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும். அதோடு, டயர்களை ஒன்றுக்குள் ஒன்றாக நெருக்கிக் கட்டி அனுப்பினால் பீடு உள்ளே அமுங்கி வருவதுண்டு. அதை ரிம்மில் உட்கார வைப்பதற்குள் மெக்கானிக்கின் உயிர் போய்விடும்.

கடைக்காரர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறவர்களும், தனக்கு எதில் லாபமோ அந்தக் கம்பெனியை மட்டும் புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். நீ கேட்ட கேள்விக்கு உன் பக்கத்தில் நிற்கும் ஆண்பிள்ளையைப் பார்த்துப் பதில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். தேதியைக் காட்டத் தயங்கினாலோ, உன்னை மதித்துப் பேசாவிட்டாலோ அந்த இடத்தைவிட்டு வந்துவிடு. கடை என்பதற்காகப் பரிதாபப்பட்டு வாங்க வேண்டாம். நல்ல கடையைத் தேடிக் கண்டுபிடித்து, பிறகு அதை விடாதே.

விடாதே என்பதை அழுத்திச் சொல்கிறேன். பஞ்சர் ஒட்டுவதில் கிடைக்கும் கூலி சொற்பம். கம்ப்ரசர், டயர் கழற்றும் மெஷின், வாடகை, உதவிக்கு ஓர் ஆள் என்று எல்லாச் செலவையும் தாங்குவது டயர் விற்பதில் கிடைக்கும் கொஞ்ச லாபம்தான். எல்லோரும் டயரை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு கூலிக்கு மட்டும் வந்தால், ஒன்று அவர் கூலியை ஏற்ற வேண்டும், இல்லை கடையைச் சாத்த வேண்டும். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் டயரில் ஆணி ஏறினால் எந்தப் பார்சலும் வந்து உதவாது. டயரின் நடுப்பகுதியில் சின்ன ஓட்டை என்றால் உள்பக்கமிருந்து ஒட்டிவிடலாம், பக்கவாட்டில் கிழிந்தால் ஒட்டவே கூடாது. "இதை ஒட்ட முடியாதும்மா, மாற்றித்தான் ஆக வேண்டும்" என்று ஒருவர் சொல்லும்போது அதை நம்ப வேண்டுமென்றால் அவரை உனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கடைக்குப் போய் எது நல்ல டயர், எந்த அளவு பொருந்தும் என்று அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வெளியே வந்து போனில் அதையே ஆர்டர் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். அதை மட்டும் நீ செய்யாதே. அந்த அரை மணி நேரம் அவருடைய பிழைப்பு. விலை இடித்தால் நேராகவே சொல்: "ஆன்லைனில் இவ்வளவு போட்டிருக்கிறார்கள், உங்களால் முடிந்த விலை சொல்லுங்கள்." பலர் குறைப்பார்கள். குறைக்க முடியாதவர் மாட்டும் கூலி, பேலன்சிங், வால்வு எல்லாம் சேர்த்தா, தனியா என்று சொல்வார். அப்போது கணக்குப் போட்டுப் பார். டயர் விலையை டயர் விலையோடு ஒப்பிடாதே, வண்டி கிளம்புகிறவரை ஆகும் மொத்தச் செலவை ஒப்பிடு. வித்தியாசம் நீ நினைப்பதில் பாதிகூட இருக்காது. பழைய டயரையும் பெரும்பாலும் அவரே எடுத்துக்கொள்வார். அதை எங்கேயாவது போட்டு எரித்தால் வரும் புகை எல்லோருக்கும் நஞ்சு.

எப்போது ஆன்லைனில் வாங்கலாம் என்றால், பழைய வண்டி, அபூர்வ அளவு, மண் பாதைக்கென்று தனி ரகம் என்று கடைக்காரர் தருவித்துக் கொடுக்கவே முடியாத நிலையில் தாராளமாக வாங்கு. அப்படி வாங்குகிறவர்களுக்கு அது பெரிய வசதிதான், இல்லையென்றால் எத்தனையோ வண்டிகள் மூலையில் நின்றிருக்கும். ஆனால் வாங்கும் முன்னால் மாட்டப் போகிறவரிடம் சொல்லிவிடு, வெளியே வாங்கிய டயரைச் சிலர் தொட மாட்டார்கள். தொடுகிறவர் கூடுதல் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடு. அளவையும் எழுத்து எழுத்தாகச் சரிபார். உதாரணத்துக்கு 110/80-17, அதன் பிறகு 57, அடுத்து 'பி' என்ற ஆங்கில எழுத்து. அகலம் 110 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 17 அங்குலம். 57 என்பது அந்த டயர் 230 கிலோ வரை தாங்கும் என்பதற்கான குறியீடு, 'பி' என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை. கடைசி இரண்டும் வண்டிக் கம்பெனி சொன்னதைவிடக் குறையவே கூடாது. விலை குறைவாகக் கண்ணில் படுவதில் பல இங்கேதான் ஏமாற்றும். முன்னால் ரேடியல், பின்னால் சாதா நைலான் என்று (உள்ளே இழைகள் ஓடும் விதத்தில் வேறுபடும் இரண்டு ரகம்) கலந்தும் போடாதே, வண்டிக் கம்பெனியே அப்படிச் சொல்லியிருந்தால் தவிர.

இதை எழுதும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. காற்று நிரப்பிய டயரை முதலில் பதிவு செய்தவர் ராபர்ட் தாம்சன், 1845-இல். அது பிழைக்காமல் மறந்துபோனது. மறுபடி 1888-இல் அதைக் கொண்டுவந்த ஜான் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். பெல்ஃபாஸ்டில் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த வேலையில் இறங்கினார். ஓர் அப்பாவின் கவலையில் தொடங்கிய பொருள் என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம்.

டயரை இன்னும் ஓட்டிப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே. வரிப்பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்திருந்தால் மழை வரும் முன்னால் மாற்றிவிட வேண்டும். இந்த வாரமே போ. மாட்டியதும் முதல் 150 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டு. புது ரப்பர் வழுக்கும், சட்டென்று பிரேக்கும் வேண்டாம், வளைவில் ஆழமாகச் சாய்வதும் வேண்டாம். மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன்னால், டயர் சூடேறாதபோது காற்று அளந்து பார்த்து, குறைந்திருந்தால் அதே கடைக்குக் கொண்டுபோ. அந்த நான்கு இலக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா